ஹட்டனில் வாடகை வீடு, ஒரே மீட்டர்: கரண்ட் கணக்கு காட்டும் பவர் சப்ளை வாங்கலாமா?

மூடுபனி_எடிட்டர்

வணக்கம் எல்லாருக்கும். நான் ஹட்டன் டவுனுக்குக் கொஞ்சம் வெளியே ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். கீழே வீட்டுக்கார அங்கிள் குடும்பம், அவர்கள் ஐந்து பேர், மேலே நாங்கள் இரண்டு பேர், மின்சார சபை மீட்டர் ஒன்றே ஒன்றுதான். பில் வந்தால் ஒவ்வொரு மாதமும் அதே பேச்சு: "தம்பி, உங்கட கொம்பியூட்டர்தான் கரண்டை இழுக்குது, 180 யுனிட்டைத் தாண்டிட்டோம், பாதி நீங்கள் கட்டுங்க."

இப்போது கேஸிங்கோடு வந்த பழைய பவர் சப்ளையை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சாயங்காலம் சில நேரம் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. யூடியூபில் பார்த்தேன், எத்தனை வாட் ஓடுகிறது, எவ்வளவு யுனிட் ஆனது என்றெல்லாம் ஸ்கிரீனிலேயே காட்டும் பவர் சப்ளை இருக்கிறதாம். அது ஒன்றை வாங்கினால் இரண்டு பிரச்சினையும் ஒரே செலவில் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். எது வாங்கலாம்?

மெஷின்: ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, எஸ்எஸ்டி இரண்டு, ஹார்ட் டிஸ்க் இரண்டு, மொனிட்டர் இரண்டு.

டவுன்_டெக்னிஷன்

தம்பி, முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ரீஸ்டார்ட் ஆவது ரெண்டர் போடும்போதா, சும்மா இருக்கும்போதுமா? அப்புறம் பழைய பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் இன்புட் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது, 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 500 வாட்டை நம்ப வேண்டாம்.

மூடுபனி_எடிட்டர்

பார்த்தேன் அண்ணா. இன்புட் 200–240 வோல்ட். 12 வோல்ட் கட்டத்தில் 22 ஆம்ப். 500 வாட் என்று வெளியே பெரிசாகப் போட்டிருக்கிறது.

ரீஸ்டார்ட் ஆவது பெரும்பாலும் ஆறரை ஏழு மணிக்குப் பிறகு. ரெண்டர் ஓடும்போது அதிகம். கீழே யாராவது சுடுதண்ணி ஷவரைப் போட்டால் லைட் ஒரு நொடி மங்கும், அந்த நேரம் பார்த்து மெஷினும் போய்விடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது ராத்திரி 200க்கும் கீழே காட்டியது.

டவுன்_டெக்னிஷன்

அப்படியென்றால் பாதிக் கதை வெளியே வந்துவிட்டது. 22 ஆம்பை 12ஆல் பெருக்குங்கள், 264 வாட். உங்கள் கிராபிக்ஸ் கார்ட் மட்டும் 170 வாட் கேட்கும், சிபியு முழு வேகத்தில் 75, 80 வரை போகும், டிஸ்க், ஃபேன், போர்ட் எல்லாம் சேர்த்தால் அந்த 264இன் விளிம்பில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 500 என்பது 3.3, 5 வோல்ட் லைன்களையும் சேர்த்து, கொஞ்சம் கற்பனையும் சேர்த்துப் போட்ட நம்பர்.

மீதிப் பாதி வோல்டேஜ். நம் நாட்டில் 230 வோல்ட், 6 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது விதி, அதாவது 216க்குக் கீழே இறங்கக் கூடாது. டிரான்ஸ்போமரில் இருந்து கடைசி வீடு, வீட்டுக்குள்ளே பழைய மெல்லிய வயர், அதோடு கீழே 3.5 கிலோவாட் ஷவர் என்றால் 200க்குக் கீழே போவது ஆச்சரியமே இல்லை. அந்த ஷவர் ஒன்றே 15 ஆம்ப் இழுக்கும்.

பழைய மலிவு சப்ளை, உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரை வருகிற வோல்டேஜுக்கு ஏற்றபடிதான் நிரப்பும். 190 வந்தால் அதில் சேமிப்பு குறைவு. ஷவர் போடுகிற அந்த ஒரு கண் சிமிட்டலில் சேமிப்பு தீர்ந்துபோய் போர்டுக்கு "பவர் சரியில்லை" என்று சிக்னல் போகும், மெஷின் ரீஸ்டார்ட். ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வருகிற கரண்டைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள, 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிற சப்ளை அப்படி இல்லை. 150 வந்தாலும் 230 வந்தாலும் உள்ளே அதை 380, 400 வோல்ட் டிசிக்கு உயர்த்தி வைத்துக்கொள்ளும். அதனால் வெளியே கரண்ட் ஆடினாலும் உள்ளே சேமிப்பு அதே அளவு. கொம்பியூட்டர் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறைப்படி கரண்ட் முழுதாகப் போனாலும் ஒரு 16, 17 மில்லிசெக்கண்ட் தாங்க வேண்டும், நல்ல சப்ளை தாங்கும்.

ஆக உங்கள் ரீஸ்டார்ட்டுக்கு மருந்து ஸ்மார்ட் ஸ்கிரீன் இல்லை, அந்த 100–240தான். கவனம், ஆக்டிவ் பிஎஃப்சி என்று பெட்டியில் போட்டுவிட்டு ஸ்டிக்கரில் 200–240 என்று வருகிறவையும் கடையில் இருக்கின்றன. ஸ்டிக்கரைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பைத்தன்_மலை

கணக்கு காட்டும் சப்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

கோர்செயாரில் எச்எக்ஸ்ஐ, ஏஎக்ஸ்ஐ, பழைய ஆர்எம்ஐ எல்லாம் யூஎஸ்பி வயரால் மதர்போர்டில் மாட்டி, ஐக்யூ என்ற சொப்ட்வேரில் வோல்ட், ஆம்ப், வெப்பம், ஃபேன் வேகம் எல்லாம் பார்க்கலாம். லினக்ஸ்காரர்களுக்கு இன்னும் வசதி, கெர்னல் 5.11 முதல் எச்எக்ஸ்ஐக்கும் ஆர்எம்ஐக்கும் டிரைவர் உள்ளேயே இருக்கிறது, சென்சர்ஸ் என்று அடித்தால் நம்பர் வந்துவிடும். என்இசட்எக்ஸ்டி ஈ சீரிஸ் 500, 650, 850 வாட் என்று மூன்று அளவில் வந்தது, நல்ல சாமான், ஆனால் பழசு. தெர்மால்டேக் டிபிஎஸ் ஜி வாட்டை மட்டுமல்ல, யுனிட் விலையைக் கொடுத்தால் காசுக் கணக்கும் போட்டுத் தரும். ஆசுஸ் ரோக் தோரில் சொப்ட்வேரே வேண்டாம், சப்ளையின் பக்கத்திலேயே குட்டி ஸ்கிரீன், வாட் ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணாடி கேஸிங் வைத்திருக்கிறவர்களுக்கு அது ஒரு அழகு.

இனி கெட்ட செய்தி. இவற்றில் இப்போது புதிதாகக் கிடைப்பதெல்லாம் பெரிய சைஸ். புது எச்எக்ஸ்ஐ 1000 வாட்டில் இருந்துதான் ஆரம்பம். உங்கள் மெஷின் டைம்லைனில் சும்மா நிற்கும்போது 60 வாட் எடுக்கும் என்று வையுங்கள், அது 1000இல் 6 சதவீதம். 80 பிளஸ் என்பது எஃபிஷன்சிக்கு, அதாவது சுவரில் இருந்து எடுக்கிற கரண்டில் எவ்வளவு வீணாகாமல் மெஷினுக்குப் போகிறது என்பதற்குக் கொடுக்கிற முத்திரை, கோல்ட், பிளாட்டினம், டைட்டேனியம் என்று மேலே போகும். கோல்ட் சோதனை 20, 50, 100 சதவீத லோடில்தான் நடக்கும், 10 சதவீதத்துக்குக் கணக்குக் கேட்பது டைட்டேனியம் மட்டும். அதற்குக் கீழே எஃபிஷன்சி எல்லாருக்கும் இறங்கும். கரண்டை மிச்சம் பிடிக்க என்று பெரிய சப்ளை வாங்கி, நாள் முழுக்க அதன் பலவீனமான இடத்திலேயே ஓட்டுவது என்ன கணக்கு?

லேபல்_பார்ப்பவன்

டைட்டேனியம் வாங்கினால் அந்தப் பிரச்சினையும் இல்லையே. ஒரு தடவை செலவு, பத்து வருஷம் உழைக்கும். வாங்குகிறதை நல்லதாக வாங்கிப் போடுங்கள்.

பைத்தன்_மலை

@லேபல்_பார்ப்பவன் காசு உங்கள் காசு இல்லையே அண்ணா, அதனால்தான் இப்படி.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூடுபனி ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் எடிட் (180 வாட் அளவில்), இரண்டு மணி நேரம் எக்ஸ்போர்ட் (280), இன்னும் நாலு மணி நேரம் சும்மா ஓன் பண்ணியபடி (65) என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.9 யுனிட், மாதம் 57. பழைய சப்ளையின் எஃபிஷன்சி 78 சதவீதம் என்று பிடித்தால், 90 சதவீத கோல்டுக்கு மாறியதும் மாதம் ஏழரை யுனிட் மிச்சம். பரவாயில்லை. கோல்டில் இருந்து 92 சதவீத பிளாட்டினத்துக்குப் போனால்? மாதம் ஒரு யுனிட். ஒரே ஒரு யுனிட். அதற்காக இரண்டு மடங்கு விலையா?

இன்னொன்று கவனித்தீர்களா, அந்த "சும்மா ஓன் பண்ணியபடி" நாலு மணி நேரம். அதை ஸ்லீப்பில் போட்டால் மாதம் ஏழு யுனிட் வரை மிச்சம். பவர் சப்ளை மாற்றியதன் முழுப் பலனும் இலவசமாக.

ரெண்டாம்_டிவிஷன்

நான் தோட்டத்து லயனில் (வரிசை வீட்டில்) இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் எஃபிஷன்சி எல்லாம் அப்புறம், எர்த் இருக்கா என்பதுதான் முதல் கேள்வி. கேஸிங்கைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும், எல்லாரும் அது கொம்பியூட்டர் பழுது என்பார்கள். அது பழுது இல்லை. நல்ல சப்ளைகளில் இன்புட் பக்கம் ஃபில்டர் கெப்பாசிட்டர் இரண்டு எர்த்தோடு சேர்ந்திருக்கும், எர்த் வயர் எங்கேயும் போகாமல் அந்தரத்தில் நின்றால் கேஸிங்கில் பாதி வோல்டேஜ் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது, ஆனால் யூஎஸ்பியில் கேமராவையும் டிவியையும் மாட்டும்போது போர்ட் போகலாம். மலிவு சப்ளையில் அந்த ஃபில்டரையே போடாமல் விட்டிருப்பான், அதனால் சுர்ரும் இருக்காது, மக்கள் அதை நல்ல சாமான் என்று நினைப்பார்கள்!

மூடுபனி, உங்கள் பிளக் பொயின்டில் உண்மையாகவே எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பின் அடப்டரில் மாட்டியிருந்தால் எதை வாங்கியும் பலன் இல்லை. சர்ஜ் புரொடெக்டர் என்று விற்கிற எக்ஸ்டென்ஷனும் எர்த் இல்லாத இடத்தில் பாதி வேலைதான் செய்யும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் வந்தால் நாங்கள் பிளக்கையும் ரவுட்டர் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுவோம். செம்பு டெலிபோன் லைன் வழியாக வந்த மின்னல் ரவுட்டரையும் நெட்வேர்க் போர்ட்டையும் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன், பவர் சப்ளை பத்திரமாக இருந்தது.

தலவாக்கலை_அக்கா

தம்பிமார் எல்லாரும் வாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பிள்ளையின் சண்டை வீட்டுக்காரரோடு. பவர் சப்ளை காட்டுகிற நம்பரைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த மனுஷர் நம்புவாரா? "உங்கட கொம்பியூட்டர், உங்கட சொப்ட்வேர், நீங்களே போட்ட கணக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

அதோடு அந்த நம்பரில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். மொனிட்டர் இரண்டும் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, ரவுட்டர் இல்லை, யூபிஎஸ் இருந்தால் அது தின்கிறதும் இல்லை. மொனிட்டர் ஒன்று 25 வாட், இரண்டு, பன்னிரண்டு மணி நேரம் என்றால் மாதம் 18 யுனிட் அங்கேயே போய்விடும். சொப்ட்வேர் திறந்திருந்தால்தான் பதிவு, விண்டோஸ் ஆஃப் என்றால் கணக்கும் ஆஃப். அது மெஷினின் உள் விவகாரம் பார்க்க நல்லது, பில் பிரிக்க இல்லை.

பில் பிரிக்கத்தான் சப் மீட்டர் இருக்கிறதே. மேல்மாடிக்குப் போகிற வயரில், டிபி பெட்டிக்கு (டிரிப் சுவிட்ச் எல்லாம் இருக்கிற பெட்டி) பக்கத்தில், ஒரு சின்ன யுனிட் மீட்டர். வயரிங் பாஸ் (எலக்ட்ரீஷியன்) ஒருவரைப் பிடித்தால் அரை நாள் வேலை. மின்சார சபை மீட்டரையும் அதன் சீலையும் யாரும் தொடக் கூடாது, அதற்குப் பிறகு வருகிற வீட்டு வயரிங்கில்தான் இதைப் போட வேண்டும். வீட்டுக்காரர் கண் முன்னால் மாட்டினால் இரண்டு பேரும் ஒரே நம்பரைப் பார்க்கலாம்.

இனி 180 கதை. அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும்: 60 வரை ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறு கணக்கு, அப்புறம் 90, 120, 180 என்று படி. மேலே ஏற ஏற யுனிட் விலையும் கூடும், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் இருப்பதால்தான் இரண்டு பேரும் மேல் படியில் நிற்கிறீர்கள். அவர் தனியாக இருந்தால் கீழ்ப் படி, நீங்கள் தனியாக இருந்தாலும் கீழ்ப் படி. இதில் யார் யாரைத் தூக்கி மேலே விட்டது என்று சண்டை பிடித்தால் முடிவே வராது. மொத்த பில்லை மொத்த யுனிட்டால் வகுத்து, வருகிற விலையை உங்கள் சப் மீட்டர் யுனிட்டால் பெருக்குங்கள். அதுதான் இரண்டு பக்கமும் வாயைத் திறக்க முடியாத கணக்கு.

மூடுபனி_எடிட்டர்

அக்கா சொன்னது சரி, சொப்ட்வேர் நம்பரை அவர் நம்பவே மாட்டார். ஆனால் சப் மீட்டருக்கு அவர் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் எனக்கு ஒரு ஊகமாவது வேண்டும். ஒருவேளை மீட்டர் போட்டபிறகு நான் இப்போது கட்டுவதைவிடக் கூட வந்தால்? இப்போது மூன்றில் ஒரு பங்குதான் கட்டுகிறேன், பாதி கேட்டு நிற்கிறார்.

தலவாக்கலை_அக்கா

அதற்குக் காசே வேண்டாம். மின்சார சபை மீட்டரில் ஒரு சிவப்பு லைட் சிமிட்டும், பக்கத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது ஒரு யுனிட்டுக்கு, 1000 என்றோ 1600 என்றோ எழுதியிருக்கும். 1000 என்றால் ஒரு சிமிட்டல் ஒரு வாட் மணி. வீட்டில் எல்லாரும் வெளியே போன நேரம் ஃபிரிட்ஜையும் கொஞ்சம் கழற்றிவிட்டு, உங்கள் மேசையை மட்டும் ஓட விட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். நிமிஷத்துக்கு ஐந்து சிமிட்டல் என்றால் 300 வாட். 1600 மீட்டர் என்றால் எட்டு சிமிட்டலுக்கு அதே 300. பழைய தட்டு சுற்றுகிற மீட்டர் என்றால் ஒரு யுனிட்டுக்கு எத்தனை சுற்று என்று முகப்பில் இருக்கும், அதே கணக்குத்தான். ஒரு நிமிஷம் போதாது, பத்து நிமிஷம் எண்ணிப் பத்தால் வகுங்கள்.

வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்து எண்ணினால் இன்னும் நல்லது. அவர் மீட்டர், அவர் கண்.

அப்படியே ஷவரையும் போட்டுப் பாருங்கள். 1000 மீட்டர் என்றால் லைட் கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு தடவை சிமிட்டும்! 3.5 கிலோவாட், ஐந்து பேர், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மூன்றரை யுனிட், மாதம் 105. மலையில் குளிர், சுடுதண்ணி இல்லாமல் முடியாது, அது வேறு. ஆனால் 180ஐத் தாண்டியது கொம்பியூட்டராலா ஷவராலா என்று அந்த லைட்டே சொல்லும்.

நோர்ட்டன்_பக்கம்

இடையில் ஒரு புலம்பல். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கெனியன், நோர்ட்டன், லக்சபான, அந்தப் பக்கம் தலவாக்கலையில் மேல் கொத்மலை 150 மெகாவாட். இத்தனை அணையும் நீர்மின் நிலையமும் நம் வீட்டுக் கொல்லையில். கரண்ட் நம் தலைக்கு மேலே வயரில் கொழும்புக்குப் போகிறது, நமக்கு ராத்திரி 195 வோல்ட். யாரிடம் சொல்ல.

டவுன்_டெக்னிஷன்

@நோர்ட்டன்_பக்கம் அந்தப் பெரிய லைனில் குறை இல்லை அண்ணா, டிரான்ஸ்போமருக்குப் பிறகு நம் ரோட்டில் வருகிற லைனும் நம் வீட்டு வயரும்தான் குறை. மாலை 6.30 முதல் 10.30 வரை பீக் நேரம், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஷவர், அயர்ன், ரைஸ் குக்கர். தொடர்ந்து 216க்குக் கீழே என்றால் மின்சார சபையிடம் முறைப்பாடு கொடுக்கலாம், மீட்டர் பக்கத்தில் அளந்து எழுதிக் கொடுங்கள். மேல்மாடி பிளக்கில் அளந்தால் "உங்கள் வயரிங் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூடுபனியும் அதைச் செய்து பார்க்கலாம்: மீட்டர் பக்கம் 215, மேலே 195 என்றால் நடுவில் இருக்கிற 20 வோல்ட் வீட்டுக்குள்ளேயே சூடாகப் போகிறது. அது ஆபத்து, வயர் எரிகிற விஷயம்.

லேபல்_பார்ப்பவன்

சரி, டைட்டேனியத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் மூடுபனிக்கு மெஷின் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்கிற ஆசையும் இருக்கிறதே. அதற்கு ஸ்மார்ட் பிளக் போதும். டிபி-லிங்க் டாப்போ பி110 சதுரப் பின் 13 ஆம்பில் வருகிறது, மணி வாரியாக, நாள் வாரியாக, மாத வாரியாக யுனிட் காட்டும். பி100ஐ வாங்கிவிடாதீர்கள், பார்க்க அதே மாதிரி இருக்கும், அது ஓன் ஆஃப் மட்டும், அளக்காது. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் வயரை அந்தப் பிளக்கில் மாட்டி மெஷின், மொனிட்டர், ஸ்பீக்கர், ரவுட்டர் எல்லாவற்றையும் அதன் பின்னால் போட்டால் மேசையின் முழுக் கணக்கும் ஒரே இடத்தில். பவர் சப்ளை நாளைக்குப் பழுதானாலும் அளக்கிற சாமான் தனியாக இருக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் வாங்கினால் ஒன்று போனால் இரண்டும் போகும்.

ரெண்டாம்_டிவிஷன்

ஆனால் யாரும் அந்தப் பிளக்கில் ஹீட்டரையோ சுடுதண்ணி ஷவரையோ மாட்டி அளக்கப் போக வேண்டாம். 13 ஆம்ப் என்றால் முழு 13இல் மணிக்கணக்காக ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. எங்கள் லயனில் ஒருவர் குளிருக்கு ரூம் ஹீட்டரை வேறொரு மலிவு ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி, பிளக்கின் பின் பக்கம் மஞ்சளாக உருகிப்போயிருந்தது.

பைத்தன்_மலை

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் சப்ளை வேண்டியதில்லை. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச சொப்ட்வேரில் சிபியு பேக்கேஜ் பவரும் கிராபிக்ஸ் கார்டின் பவரும் தனித்தனியாக வரும். ரெண்டரில் எது தின்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும். 3060இன் பவர் லிமிட்டை 75, 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள், எக்ஸ்போர்ட் நேரம் பெரிதாகக் கூடாது, வாட் நன்றாக இறங்கும். எடிட்டிங்கில் கார்ட் முழு மூச்சாக ஓடுவதே குறைவு.

நான் ஏன் கணக்கு காட்டும் சப்ளையை வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். என் மெஷினில் கார்ட் இரண்டு, ராத்திரி பகலாக ஓடுகிறது, 12 வோல்ட் லைன் எவ்வளவு இறங்குகிறது, உள்ளே சூடு எவ்வளவு என்று பதிவு வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அது. இன்னும் ஒன்று, உள்ளே வருகிற வாட்டைச் சில மாடல்கள் அளந்து காட்டுவதில்லை, வெளியே போவதை வைத்து மதிப்பிட்டுத்தான் காட்டும். சுவரில் அளந்ததோடு கொஞ்சம் வித்தியாசம் வரும்.

நுவரெலியா_குளிர்

எங்கள் ஊர் அனுபவம் ஒன்று. சில பவர் சப்ளை லேபலில் மலைப் படத்தோடு 2000 மீட்டர் என்று இருக்கும். அந்த உயரத்துக்கு மேல் காற்று மெல்லியது, மின் இடைவெளிகள் போதாமல் போகலாம் என்பதற்காக. நுவரெலியா 1,900க்குக் கொஞ்சம் கீழே, தப்பித்தோம். ஹட்டன்காரர்கள் கவலைப்படவே வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளியில் ஆபீஸ் போடுகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம் 😀

உண்மையான தொல்லை ஈரம். ராத்திரி முழுக்க ஜன்னல் பக்கம் ஆறிப்போய்க் கிடந்த மெஷின், காலையில் சுடுதண்ணி கொதிக்கிற அறையின் ஈரக் காற்று பட்டால் உள்ளே இரும்பெல்லாம் வியர்க்கும். அப்படியே ஓன் பண்ணாமல் கொஞ்சம் நேரம் விடுங்கள். பவர் சப்ளையை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். குறைந்த லோடில் ஃபேனே சுற்றாத சப்ளை குளிர் ஊரில் மாதக்கணக்கில் சுற்றாமல் இருக்கும், ஃபேனை எப்போதும் சுற்ற விடுகிற சுவிட்ச் இருந்தால் நான் அதைத்தான் போடுவேன், உள்ளே ஈரம் தங்காது.

மூடுபனி_எடிட்டர்

எண்ணிப் பார்த்தோம். அங்கிளும் வந்து நின்றார், முதலில் சிரித்தார், அப்புறம் அவரே கையில் ஃபோன் ஸ்டொப் வாட்ச் வைத்துக்கொண்டு எண்ணினார். 1000 மீட்டர். எக்ஸ்போர்ட் ஓடும்போது மொனிட்டரோடு நிமிஷத்துக்கு ஐந்தரை, அதாவது 330 வாட். சும்மா டைம்லைன் திறந்தபடி இரண்டுக்கும் குறைவு. அப்புறம் அவருடைய மகள் குளிக்கப் போனார். அங்கிள் கொஞ்ச நேரம் லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மேலே வந்து "அந்தச் சின்ன மீட்டரைப் போடுவோம் தம்பி" என்றார்.

மீட்டர் பக்கம் 218, மேலே என் பிளக்கில் 199. அதையும் காட்டினேன். வயரிங் பாஸ் வரும்போது மேல்மாடி லைனைப் பெரிய வயரில் மாற்றுவதற்கும் சரி என்றார், செலவு ஆளுக்குப் பாதி.

பவர் சப்ளை: 550 அல்லது 650 வாட், கோல்ட், 100–240, 12 வோல்டில் 45 ஆம்புக்கு மேல், எந்த ஸ்கிரீனும் இல்லாதது. கொழும்புக்கு அடுத்த கல்யாண வேலைக்குப் போகும்போது பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசாவில் பார்க்கிறேன். மிச்சப் பணத்தில் ஸ்மார்ட் பிளக். யூபிஎஸ்ஸும் வேண்டும் என்று இருக்கிறது, அதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா? முந்தி ஒன்று வைத்திருந்தேன், கரண்ட் போனதும் யூபிஎஸ் கத்தும், மெஷினும் அதோடு சேர்ந்து போய்விடும்.

டவுன்_டெக்னிஷன்

550 தாராளம். 650 விலை ஒட்டியே இருந்தால் எடுங்கள், பின்னால் பெரிய கார்ட் போட உதவும். உத்தரவாதம் எத்தனை வருஷம், கடையே மாற்றித் தருமா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். மொடியூலர் சப்ளை (வயர்களைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் அதோடு வந்த வயரை மட்டும் பாவியுங்கள். வேறு பிராண்டின் வயர் பின்னில் சரியாக உட்காரும், உள்ளே கனெக்ஷன் மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் இரண்டும் கல்யாண வீடியோவோடு போய்விடும்.

யூபிஎஸ்: லைன் இன்டரக்டிவ் வகை, ஏவிஆர் (ஏறி இறங்கும் வோல்டேஜைத் தானே சரிசெய்வது) உள்ளது. சின்ன 650 விஏ யூபிஎஸ் உங்கள் 330 வாட்டுக்கு விளிம்பு, முந்தியது அதனாலும் போயிருக்கலாம். 1000, 1200 விஏ பாருங்கள், ஆனால் விஏவைப் பார்க்காமல் பக்கத்தில் போட்டிருக்கிற வாட்டைப் பாருங்கள். மலிவு யூபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது சைன் அலை கொடுக்காது, படிக்கட்டு மாதிரி அலைதான். ஆக்டிவ் பிஎஃப்சி சப்ளை சில சமயம் அதை ஏற்காமல் நின்றுவிடும். பெரும்பாலும் ஓடும், ஆனால் கடையில் உங்கள் சப்ளையோடு மாட்டி, லோட் போட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பியூர் சைன் வாங்கக் காசு இருந்தால் யோசனையே வேண்டாம்.

மூடுபனி_எடிட்டர்

கடைசியாக ஒன்று. ஸ்மார்ட் பிளக்கை யூபிஎஸ்ஸுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா?

லேபல்_பார்ப்பவன்

முன்னால். சுவர், ஸ்மார்ட் பிளக், யூபிஎஸ், அப்புறம் மற்றதெல்லாம். யூபிஎஸ் தின்கிறதும் கணக்கில் வரும், சப் மீட்டர் காட்டுவதற்குக் கிட்டவாக இருக்கும். தவறி ஃபோனில் கை பட்டு ஆஃப் ஆனாலும் யூபிஎஸ் கத்துமே தவிர ரெண்டர் நிற்காது. பின்னால் போட்டால் அந்த ஒரு தொடுகையில் எல்லாம் போச்சு. கரண்ட் போய் வந்தால் பிளக் ஓன் நிலையிலேயே வரும்படி செட்டிங்கில் வைத்துவிடுங்கள்.

தலவாக்கலை_அக்கா

சப் மீட்டர் போட்ட அன்றே மின்சார சபை மீட்டரையும் சேர்த்து இரண்டையும் ஒரே ஃபோட்டோவில் எடுத்து அங்கிளுக்கு வட்சப் பண்ணிவிடுங்கள். மீட்டர் வாசிக்கிறவர் வருகிற அன்றும் அப்படியே.